ஆழத்தில் செலுத்திய நீர்

2017 நவம்பர் 15, புதன்கிழமை. தென்கொரியாவில் ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களுக்கு மறுநாள் காலை கல்லூரி நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வு நாளில் நாடே மூச்சை அடக்கிக்கொள்ளும். ஆங்கில உரையைக் கேட்டு விடையெழுதும் நேரத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் கூடாது. அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். நேரமாகிவிட்ட பிள்ளைகளைப் போலீஸ்காரர்களே வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

அந்த நவம்பர் 15 மதியம் 2.29 மணிக்குத் தென்கிழக்குக் கடலோரத்தில், இரும்பாலைக்குப் பேர்போன போஹாங் நகரம் குலுங்கியது. பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் முகப்புச் செங்கற்கள் மொத்தமாகச் சரிந்தன. தேர்வு மையங்களாக இருந்த பள்ளிகளின் சுவர்களில் விரிசல் விழுந்தது. அன்றிரவு அரசு அறிவித்தது: நாடு முழுவதும் தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. இயற்கைப் பேரிடர் காரணமாக அந்தத் தேர்வு தள்ளிப்போனது அதுவே முதல் முறை.

இயற்கைப் பேரிடர் என்றுதான் அன்று பெரும்பாலோர் நினைத்தார்கள். 2019 மார்ச் 20 அன்று, அரசின் ஏற்பாட்டில் அமைந்த ஆய்வுக்குழு வேறு முடிவைச் சொன்னது. நகருக்கு அருகே புவிவெப்ப மின்நிலையம் ஒன்றுக்காகத் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளில் உயர் அழுத்தத்தில் செலுத்திய நீர்தான் அந்த நிலநடுக்கத்தைக் கிளப்பிவிட்டது. அளவு 5.5. காயமடைந்தோர் 135 பேர். 1,700க்கும் மேற்பட்டோர் வீடிழந்து தற்காலிக முகாம்களுக்குப் போனார்கள். சேதமடைந்த கட்டடங்கள் 57,000க்கும் மேல். இத்தனையும் 1.2 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்ட ஒரு சிறு முன்னோடி நிலையத்துக்காக.

புகையில்லாத, கரியில்லாத மின்சாரம் தேடிப் போனவர்கள் அவர்கள். நோக்கத்தில் பிழையில்லை. அதனால்தான் இந்தக் கதையை அக்கறையோடு படிக்கவேண்டியிருக்கிறது.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடுகிறது. பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். எரிமலைக்குப் பக்கத்திலோ வெந்நீர் ஊற்று உள்ள இடத்திலோ அந்த வெப்பம் தானே மேலே வந்துவிடும். ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் அப்படிக் கொடுத்துவைத்த நாடுகள். மற்ற ஊர்களில் நான்கைந்து கிலோமீட்டர் துளைத்தால் கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் பாறை இருக்கிறது. ஆனால் அது காய்ந்து, இறுகி, நீர் நுழைய வழியில்லாத கருங்கல். வெப்பம் இருக்கிறது, அதை மேலே சுமந்து வர நீரோட்டம் இல்லை.

அந்த நீரோட்டத்தை நாமே உண்டாக்கினால் என்ன என்று 1970களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் முயன்று பார்த்தது. ஒரு கிணற்றில் அழுத்தத்தோடு நீரைச் செலுத்துவது, பாறையில் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய வெடிப்புகளைத் திறப்பது, அவற்றின் வழியே நீரை ஓடவிட்டுச் சூடேற்றி இன்னொரு கிணற்றின் வழியே மேலே எடுப்பது. இன்றுவரை இந்தத் துறையின் அடிப்படை இதுதான்.

வெடிப்பின் இரு முகங்களும் வழவழப்பானவை அல்ல. மேடும் பள்ளமும் உள்ளவை. நீரின் அழுத்தத்தால் அவை சற்றே விலகி, ஒன்றன்மேல் ஒன்று ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், மேடும் பள்ளமும் பழையபடி பொருந்தாமல் இடைவெளி நிலைத்துவிடும். அந்த இடைவெளிதான் நீருக்குப் பாதை. ஆனால் பாறை தன் இறுக்கத்தை விட்டுச் சட்டென்று நகர்வதற்குத்தானே நிலநடுக்கம் என்று பெயர்? இங்கே அது மிகச் சிறிய அளவில், யாரும் உணராதபடி, ஆயிரக்கணக்கில் நடக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தில் குட்டி நிலநடுக்கங்கள் தவறி வந்த பக்கவிளைவு அல்ல. வேலையே அவற்றின் வழியாகத்தான் நடக்கிறது. குட்டி அதிர்வுகள் குட்டியாகவே நின்றுவிடுமா என்பதுதான் கேள்வி.

நான்கு கிலோமீட்டர் பாறையின் எடை மேலிருந்து அழுத்தும்போது நீரால் அதை நகர்த்த முடியுமா என்று தோன்றும். சமையலறையில் இதைப் பார்த்திருக்கிறோம். வெந்நீரில் அலசிய டம்ளரை ஈரமான கருங்கல் மேடையில் கவிழ்த்து வைத்தால், யாரும் தொடாமலே அது மெல்ல வழுக்கிப் போகும். உள்ளே சிக்கிய காற்று சூடாகி விரிந்து, டம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. மேடையோடு உள்ள உராய்வு குறைகிறது. மேடையின் சின்னச் சாய்வே அதை இழுக்கப் போதுமானதாகிவிடுகிறது. கிங் ஹப்பர்ட், வில்லியம் ரூபி என்ற இரு அமெரிக்கப் புவியியலாளர்கள் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குளிர்ந்த பீர் டப்பாவைக் கண்ணாடிமேல் கவிழ்த்து இதையே செய்துகாட்டினார்கள். பாறைப் பிளவுக்குள் நீரின் அழுத்தம் ஏறினால் இரு முகங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இறுக்கம் குறைகிறது. கண்டத்தட்டுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும் விசை அங்கே ஏற்கெனவே காத்திருக்கிறது. நீர் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. நகர்த்தும் ஆற்றல் பூமியினுடையது.

நம் நாட்டுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையில் 1960களின் தொடக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கியபின் அப்பகுதி அதிரத் தொடங்கியது. 1967 டிசம்பரில் 6ஐத் தாண்டிய நிலநடுக்கம் ஏறக்குறைய 200 உயிர்களைப் பறித்தது. அங்கே மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறி இறங்குவதைத் தொடர்ந்து பூமி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

கிணற்று நீருக்கும் நிலநடுக்கத்துக்குமான உறவு முதலில் வெளிப்பட்டது ஓர் அழுக்கு வேலையில். அமெரிக்க ராணுவம் டென்வர் நகருக்கு வெளியே ரசாயன ஆயுதத் தொழிற்சாலையின் கழிவுநீரை 1962 முதல் 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் தள்ளிவந்தது. சில வாரங்களிலேயே அந்த வட்டாரம் அதிரத் தொடங்கியது. டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர் மாதாமாதம் தள்ளிய கழிவின் அளவையும் அதிர்வுகளின் எண்ணிக்கையையும் ஒரே படத்தில் வரைந்து 1965இல் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. 1966 பிப்ரவரியில் கிணற்றை நிறுத்தினார்கள். ஆனால் அங்கே வந்ததிலேயே பெரிய அதிர்வுகள், 5ஐ ஒட்டியவை, நிறுத்திய பிறகு 1967இல்தான் வந்தன.

நிறுத்திய பிறகு ஏன் வரவேண்டும்? பம்பை அணைத்தால் கிணற்றின் வாயில் அழுத்தம் இறங்கிவிடும். ஆழத்தில் முன்பே செலுத்திய நீர் நின்றுவிடுவதில்லை. அது இன்னும் அழுத்தம் ஏறாத பாறையை நோக்கிப் பரவிக்கொண்டே இருக்கும். கிணற்றருகே அழுத்தம் தணியும் அதே நேரத்தில் தள்ளியிருக்கும் பிளவில் அது ஏறிக்கொண்டிருக்கும். இந்தத் துறையில் மனிதர்களுக்கு மிகவும் தாமதமாகப் பழகிய உண்மை இது. அதே மாநிலத்தின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை வேண்டுமென்றே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அதிர்வுகள் வந்தன. கீழே இறக்கினால் ஓய்ந்தன. அந்த வெற்றி பலருக்கும் நம்பிக்கை தந்தது. டென்வர் தந்த பாடம் பின்னால் போய்விட்டது.

ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2006 டிசம்பர் 2 அன்று நீர் செலுத்தத் தொடங்கினார்கள். நகரத்துக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் ஆழக் கிணறு. 1356ஆம் ஆண்டு அந்த நகரத்தையே தரைமட்டமாக்கிய பெருநிலநடுக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆல்ப்ஸுக்கு வடக்கே ஐரோப்பாவில் பதிவானவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. ஆறே நாளில் 11,500 கனமீட்டருக்கு மேல் நீர் போனது. உச்சத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 300 மடங்கு. அதிர்வுகள் பெருகிக்கொண்டே வந்ததால் 8ஆம் தேதி நிறுத்தினார்கள். சில மணி நேரம் கழித்து, மாலையில், 3.4 அளவில் ஓர் அதிர்வு. வெடிச்சத்தம் போன்ற ஒலியோடு நகரம் முழுவதும் உணர்ந்தது. பெரிய இடிபாடு எதுவுமில்லை. சுவர்ப் பூச்சுகளில் கீறல்கள். ஆனால் இழப்பீட்டுக் கோரிக்கைகள் பல மில்லியன் ஃபிராங்க் ஆயின. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 3ஐத் தாண்டிய இன்னும் மூன்று அதிர்வுகள் வந்தன. திட்டத்தை நடத்திய புவியியலாளர்மீது வழக்குத் தொடரப்பட்டு 2009இல் அவர் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டில் திட்டமும் கைவிடப்பட்டது. கிணறு மூடப்பட்டபின் உள்ளே அழுத்தம் மெல்லக் கூடி, அதிர்வுகளும் கூடவே, 2017இல் அதை மறுபடி திறந்துவிட நேர்ந்தது. ஆறு நாள் செலுத்திய நீர், பத்தாண்டு கழித்தும் கவனம் கேட்டது.

பாசெலைத் தெரிந்துகொண்ட பிறகுதான் போஹாங்கில் கிணறு தோண்டினார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது.

போஹாங்கில் 4.2 கிலோமீட்டரைத் தாண்டிய ஆழத்தில் இரண்டு கிணறுகள். இரண்டாவது கிணற்றை 2015இல் தோண்டும்போது சுமார் 3.8 கிலோமீட்டர் ஆழத்தில் துளைப்புச் சேறு பெருமளவில் பாறைக்குள் காணாமல் போனது. துளைக் கருவியைக் குளிர்விக்கவும் கிணற்றுச் சுவர் சரியாமல் தாங்கவும் இறைக்கும் கனமான சேறு அது. அவ்வளவு சேற்றை விழுங்க வேண்டுமென்றால் அங்கே ஏதோ பெரிய வழி இருந்திருக்க வேண்டும். அந்த ஆழத்திலிருந்து மேலே வந்த பாறைத் துகள்களில் மாவாக அரைபட்ட களிம்பும் இருந்தது. பிளவின் இரு முகங்களும் காலங்காலமாக உரசி அரைத்த மாவு. அதை அப்போதே அப்படிப் படித்தவர் இல்லை.

2016 ஜனவரி முதல் 2017 செப்டம்பர் வரை ஐந்து தவணைகளில் நீர் செலுத்தினார்கள். இரண்டாவது கிணற்றில் வாயழுத்தம் பாசெலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்குக்கு ஏறியது. 2017 ஏப்ரல் 15 அன்று 3.2 அளவில் அதிர்வு. அப்போது வேலையை நிறுத்தினார்கள்; ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். செப்டம்பர் 18இல் கடைசித் தவணை முடிந்தது. இரண்டு மாதம் எதுவும் செலுத்தவில்லை. நவம்பர் 15இல் 5.5. ஏப்ரல் அதிர்வைக் காட்டிலும் அதில் வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 2,800 மடங்கு.

துறைக்கு அதிர்ச்சி தந்தது அந்த ஆற்றலின் அளவு. செலுத்தும் நீரின் கனஅளவுக்கும் வரக்கூடிய மிகப் பெரிய அதிர்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்த்தர் மெக்கார் 2014இல் சூத்திரம் தந்திருந்தார். உலகின் பல இடங்களில் அது பொருந்திவந்தது. கொஞ்சமாகச் செலுத்தினால் கொஞ்சமாகத்தான் அதிரும் என்ற ஆறுதல் அதில் இருந்தது. போஹாங்கில் மொத்தமாகச் செலுத்தியது ஏறக்குறைய 12,800 கனமீட்டர். அதில் பாதிக்கு மேல் திரும்ப வெளியே வந்துவிட்டது. பாசெலில் செலுத்தியதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அங்கே 3.4, இங்கே 5.5. அந்தச் சூத்திரப்படி 5.5 வரவேண்டுமானால் போஹாங்கில் 500 மடங்குக்கும் மேல் நீர் செலுத்தியிருக்க வேண்டும்.

ஆக, எவ்வளவு நீர் என்பதைவிட அது எதைப் போய்த் தொட்டது என்பது முக்கியமாகிவிட்டது. நிலநடுக்கத்துக்குப் பிறகு, செலுத்திய காலத்துக் குட்டி அதிர்வுகளின் இருப்பிடங்களை ஆய்வாளர்கள் துல்லியமாக மறுகணக்குப் போட்டார்கள். அவை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறவில்லை. ஒரே சாய்ந்த தளத்தில் வரிசையாகப் படிந்திருந்தன. அந்தத் தளம் 3.8 கிலோமீட்டர் ஆழத்தில், சேறு காணாமல் போன இடத்தில், இரண்டாவது கிணற்றைக் குறுக்கே வெட்டியது. நவம்பர் 15இல் நழுவியதும் அதே தளம். பின்னர் கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பார்த்தபோது அதே ஆழத்துக்குக் கீழே போகமுடியாமல் கிணறு அடைபட்டிருந்தது. வரைபடங்களில் இல்லாத, நழுவக் காத்திருந்த ஒரு பிளவுக்குள் நேராக நீரைச் செலுத்தியிருக்கிறார்கள். குட்டி அதிர்வுகள் அந்தப் பிளவின் படத்தை ஒன்றரை ஆண்டாகப் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டே இருந்தன.

யாருமே கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. கொரிய நிலநடுக்க ஆய்வாளர்கள் சிலர் நவம்பர் 15க்குச் சில நாள்கள் முன்னர்தான் அந்த இடத்தைச் சுற்றி எட்டு தற்காலிகப் பதிவுக் கருவிகளை நட்டிருந்தார்கள். அந்தக் கருவிகளின் துணையோடு அவர்கள் 2018இல் ஓர் அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வே, நிலநடுக்கத்தைக் கிணற்றோடு இணைத்த முதல் வலுவான சான்றுகளில் ஒன்று. அதே இதழில் ஐரோப்பியக் குழு ஒன்றும் தனித்து அதே முடிவுக்கு வந்திருந்தது.

போஹாங்கில் கட்டுப்பாட்டு முறையே இல்லாமலும் இல்லை. போக்குவரத்து விளக்கு முறை என்று இதைச் சொல்வார்கள்: அதிர்வு இன்ன அளவைத் தாண்டினால் மஞ்சள், அழுத்தத்தைக் குறை, அதற்கு மேல் சிவப்பு, நிறுத்து. இம்முறையின் குறை, ஒவ்வொரு அதிர்வையும் தனியாக அளந்து பார்ப்பது. பம்பை நிறுத்தியபின் நீர் பரவுவதை அது கணக்கில் எடுக்காது. அதிர்வுகள் எங்கே அணிவகுக்கின்றன என்பதைக் கேட்காது. ஏப்ரலில் 3.2 வந்ததும் ஆபத்தை முதலிலிருந்து மறுகணக்குப் போட்டிருக்க வேண்டும், ஊராரோடும் அதைப் பேசியிருக்க வேண்டும் என்பதே விசாரணையில் பங்கேற்ற நிபுணர்கள் பின்னர் அழுத்திச் சொன்னது. போஹாங் மக்கள் கேட்பதும் அதைத்தான். வீட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை எந்த நல்ல நோக்கமும் ரத்து செய்துவிட முடியாது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்று காட்டியது ஃபின்லாந்து. தலைநகர் ஹெல்சின்கியை ஒட்டிய ஓட்டனியேமியில், பல்கலைக்கழக வளாகத்தின் அடியில், 2018 கோடையில் ஆறு கிலோமீட்டர் ஆழத்துக்கு நீர் செலுத்தினார்கள். 49 நாளில் 18,160 கனமீட்டர், போஹாங்கைவிட அதிகம். 2.1ஐத் தொட்டால் வேலை நிற்க வேண்டும் என்று அதிகாரிகள் கட்டளையிட்டிருந்தார்கள். ஆழத்தில் பதித்த கருவிகள் ஒவ்வொரு அதிர்வின் இடத்தையும் அளவையும் நிமிடக் கணக்கில் தந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து அழுத்தத்தைக் குறைத்தார்கள், இடைவெளி விட்டார்கள், மறுபடி செலுத்தினார்கள். மிகப் பெரிய அதிர்வு 1.9. தூரத்து இடிபோன்ற ஒலி கேட்டதாகக் குடியிருப்பவர்கள் சொன்னார்கள், அதோடு சரி. கவனமாக இருந்ததோடு அங்கே இன்னொன்றும் துணை நின்றது: குட்டி அதிர்வுகள் ஒரே பெரிய தளத்தில் சேராமல் சின்னச் சின்ன வெடிப்புகளில் பரவியிருந்தன. எதிர்பார்த்த அளவு நீரோட்டம் மட்டும் அங்கே கிடைக்கவில்லை.

எல்லாப் புவிவெப்பக் கிணறும் அதிரவைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பாரிஸைச் சுற்றி 1969 முதல் கிணறுகளிலிருந்து வெந்நீர் எடுத்து அடுக்குமாடி வீடுகளைச் சூடாக்கிவருகிறார்கள். அங்கே சுண்ணாம்புப் பாறையில் நீர் இயற்கையாகவே ஓடுகிறது. எடுத்த நீரை மிதமான அழுத்தத்தில் திருப்பி அனுப்பினால் போதும். பாறையைத் திறக்கவேண்டிய தேவை எழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதே பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்க் அருகே வெண்டன்ஹைம் என்ற இடத்தில் ஆழமான கிணறுகளைச் சோதித்தபோது 2020 டிசம்பரில் 3.6 அளவில் அதிர்வு வந்தது. அதிகாரிகள் திட்டத்தை நிறுத்தினார்கள். 2021 ஜூனில், எல்லாம் நின்று ஆறு மாதம் கழித்து, 3.9 வந்தது. டென்வர், பாசெல், போஹாங், மறுபடியும் அதே தாமதம்.

இப்போது இந்தத் துறையின் கண் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. மில்ஃபோர்டு என்ற சிற்றூருக்கு அருகே, ஆள் நடமாட்டம் குறைந்த பள்ளத்தாக்கில், அரசின் ஃபோர்ஜ் ஆய்வுக்களம் கருங்கல்லுக்குள் கிணறுகளைச் சாய்வாக இறக்கி, நீளத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திறக்கிறது. மொத்த நீரும் ஒரே பிளவைப் போய்ச் சேரும் வாய்ப்பு இதனால் குறைகிறது. ஏதேனும் ஒரு பகுதியில் அதிர்வுகள் வரிசை கட்டத் தொடங்கினால் அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பக்கத்திலேயே ஃபெர்வோ என்ற நிறுவனம் இதே வழியில் பெரிய மின்நிலையம் கட்டிவருகிறது.

யூட்டாவில் எடுக்கும் மின்சாரம் கம்பியில் ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். வெந்நீர் அப்படிப் போகாது. குழாயில் தொலைவு கூடக் கூடச் சூட்டை இழக்கும். வீடுகளைச் சூடாக்க நிலக்கரியும் எரிவாயுவும் எரிக்கும் குளிர்நாட்டு நகரங்கள் புவிவெப்பத்தை விரும்பினால் தங்கள் காலடியிலேயே துளைக்கவேண்டும். பாசெலிலும் ஓட்டனியேமியிலும் கிணறு நகரத்துக்குள் வந்ததற்குக் காரணம் அதுவே. அங்கே துளைப்பவர்கள் நீர் செலுத்துவதற்கு முன்பே பாறையில் உள்ள பிளவுகளைத் தேட வேண்டும். செலுத்தும்போது குட்டி அதிர்வுகள் எங்கே விழுகின்றன என்பதைப் பொறியாளர் அறையில் மட்டுமன்றி நகரவாசி பார்க்கும் இடத்திலும் காட்ட வேண்டும். கிணற்றை நிறுத்திய பிறகும் பல மாதங்களுக்கு, சில இடங்களில் பல ஆண்டுகளுக்கு, கருவிகளைப் பிடுங்காமல் வைத்திருக்க வேண்டும்.